துடைப்பக் குச்சியும் பதினெட்டுக் கேள்விகளும்

ஓமந்தூர்
12.2.1987

அன்பு மகள் ஜெயத்துக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், உன் அம்மாவின் இடது கை நீங்கலாக. பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் இருக்கத் திருவாமாத்தூர் சுவாமியை வேண்டிக்கொள்கிறோம்.

விழுப்புரத்து டாக்டர் மேல் போட்ட கேஸ் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். பங்குனியில் அம்மா களத்தில் வழுக்கி விழுந்து கை ஒடிந்ததும், அவர் நர்சிங் ஹோமில் போட்ட மாவுக்கட்டைப் பிரித்தபோது கை கோணிக்கொண்டு நின்றதும் உனக்குத் தெரியும். இப்போது விசாரணைக்கு முன்னாலேயே அவர் தரப்பிலிருந்து பதினெட்டுக் கேள்விகள் கோர்ட் மூலமாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் சத்தியம் செய்து எழுத்தில் பதில் தர வேண்டுமாம். அம்மாவுக்கு ஒரே பெருமை. கல்யாணம் ஆன இருபத்தேழு வருஷத்தில் இவர் என்னை இத்தனை கேள்வி கேட்டதில்லை என்று நம் வக்கீல் சக்கரபாணியிடமே சொன்னாள்.

வயது, விழுந்த நேரம் என்று எட்டுக் கேள்விகள் சுலபமாகப் போயின, ஒன்பதாவதில் எனக்கு வியர்த்துவிட்டது. கட்டுக்குள் எதையாவது நுழைத்தீர்களா என்று கேட்டிருந்தார்கள். இதை உனக்கு நாங்கள் எழுதவில்லை. சித்திரை வெயிலில் அரிப்புத் தாங்காமல் அம்மா அழுதாள், நான்தான் துடைப்பக் குச்சியை விட்டுச் சொறிந்தேன், பாதிக் குச்சி உள்ளேயே ஒடிந்து நின்றுவிட்டது. கட்டுப் பிரித்த அன்று அது டாக்டர் கையில் கிடைத்திருக்கிறது. வக்கீல் பேனாவை மூடிவிட்டு, "ஞாபகம் இல்லன்னு எழுதிடலாம்மா, ஒத்துக்கினா கேஸு பேஜாராயிடும்" என்றார். நான் தலையாட்டினேன். அம்மா ஆட்டவில்லை. "சத்தியம் பண்ணிக்கினு எப்படிங்க பொய் சொல்றது, குச்சி வுட்டவரு இதோ பக்கத்துல குந்திக்கினு இருக்காரு, எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டார். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு வரும்வரை நான் அவளுக்கு நாலடி முன்னாலேயே நடந்தேன்.

நம் தரப்பிலும் அவருக்குக் கேள்விகள் போயிருந்தன. எலும்பைச் சேர்த்துக் கட்டியது யார் என்பது அதில் ஒன்று. போன வியாழக்கிழமை பதில் வந்தது. அன்று தான் ஊரில் இல்லை என்றும், கம்பவுண்டர் கண்ணையன்தான் கட்டினார் என்றும், வந்த பிறகாவது தான் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை என்றும் டாக்டர் கையெழுத்துப் போட்டிருந்தார். அவர் வக்கீல் எவ்வளவோ தடுத்தாராம். அந்தம்மா துடைப்பக் குச்சியையே மறைக்கல, நான் என்னத்த மறைக்கிறது என்றாராம் டாக்டர்.

பாண்டிச்சேரியில் பெரிய எலும்பு டாக்டரிடம் தானே அழைத்துப்போய்க் கையை நேராக்கித் தருவதாகவும், கேஸை அத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியனுப்பினார். அம்மா லேசில் சம்மதிக்கவில்லை. கட்டுப் போடும்போது அவரு பக்கத்துல நிக்கணும், அதையும் எழுதிக் குடுக்கட்டும் என்றாள். கொடுத்துவிட்டார். வருகிற செவ்வாய்க்கிழமை ஆபரேஷன்.

இன்னொன்று, கோர்ட் காகிதத்தில் ஏறிவிட்டதால் உன்னிடம் மறைத்துப் பயனில்லை. கையால் என்ன வேலை செய்ய முடியவில்லை என்பது கடைசிக் கேள்வி. மல்லாட்டை உரிச்சிக் கடலை எடுக்க முடியல, முறம் பிடிக்க முடியல என்று சொல்லிக்கொண்டே வந்தவள், தலை பின்னிக்க முடியல, இவருதான் தெனம் பின்னிவுடறாரு என்று முடித்தாள். வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கும் இருதயமேரி சிரித்த சிரிப்பில் நான் வாசலுக்குப் போய்விட்டேன். பின்னல் ஆரம்பத்தில் கோணலாக வந்தது, இப்போது நன்றாகவே வருகிறது. கை சரியான பிறகும் நானே பின்னட்டுமா என்று நேற்று அம்மாவிடம் கேட்டேன். சீப்பை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் மறக்காமல் அம்மாவை நினைத்து விளக்கேற்று. இருவரும் நீண்ட ஆயுளோடு ஒற்றுமையாக இருக்க எங்கள் ஆசி.

உன் அப்பா,
சுப்பராயலு