கதவில் ஒட்டிய நாலு பெயர்கள்

ஜூன் 18
இன்றும் யாரும் வரவில்லை. ஏப்ரல் வரை இருபது பிள்ளைகள் முட்டி மோதிக்கொண்டிருந்த நூலகம் இது. இப்போது நானும் மழைச் சத்தமும். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார். "இப்படியே போனா அடுத்த வருஷம் இந்த அறையில பழைய பெஞ்சுகளைப் போட்டுப் பூட்டிடலாம், மாரித்சா." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 30
எதிர் வீட்டில் பன்றி அடித்தார்கள். பன்றி அடித்த வீட்டிலிருந்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் ஒரு தட்டு போகும், வறுத்த கறியும் உருளைக்கிழங்கு ரொட்டியும். இந்தத் தீவுக்கு வந்த ஐந்து வருஷமும் எனக்கும் வந்தது. இன்று தட்டு என் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனது. ஜன்னலில் நின்று பார்த்தேன். ஒரு தட்டுக் கறிக்காக யாராவது அழுவார்களா? அழுதேன்.

ஜூலை 9
மூலை வீட்டிலும் பன்றி. அங்கிருந்தும் வரவில்லை.

ஆகஸ்ட் 14
பள்ளிச் சமையற்காரி நோல்ஃபாவிடம் இன்று கேட்டே விட்டேன். நான் யாருக்கு என்ன செய்தேன்?

"நெசமாவே தெரியாதா உனக்கு? புத்தகம் திருப்பிக் குடுக்காதவங்க பேரைக் கதவுல ஒட்டினியே, ஏப்ரல்ல."

"நாலு பேருதானே? எங்க ஊர்ல எல்லாப் பள்ளியிலயும் ஒட்டுவாங்க."

"முதல் பேரு யஸ்னா சிகுவாய். இந்த ஊர்ல சிகுவாய் சொந்தம் இல்லாத வீட்டை ஒண்ணு காட்டு பார்ப்போம். நானே பாதி சிகுவாய்தான்." கரண்டியைக் கீழே வைத்தாள். "அவ அம்மா ரோசல்பா அப்போ ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தா. அம்மாவுக்குப் பொழுது போகட்டும்னு பொண்ணுதான் அந்தப் புத்தகத்தைப் பையில வச்சு அனுப்பினா."

தல்கா நகரத்தில், நான் முன்பு வேலை பார்த்த பள்ளியில் எண்ணூறு பிள்ளைகள். ஒருத்தருக்கொருத்தர் சொந்தமில்லை. இங்கே — அட மடச்சி, அஞ்சு வருஷத்துக்கு மேலா இங்கதானே குப்பை கொட்டுறே, இது கூடவா தெரியல? அந்தக் காகிதம் இன்னும் கதவில்தான் இருந்தது. கிழித்தேன். கிழித்துவிட்டால் போயிற்றா?

ஆகஸ்ட் 17
ரோசல்பா வீட்டுக்குப் போனேன். மிகவும் இளைத்திருந்தாள். அடுப்பருகே உட்காரவைத்து, மாத்தே இலைத் தேநீரை முதலில் தான் உறிஞ்சிவிட்டு, அதே குவளையில் மறுபடி வெந்நீர் ஊற்றி என்னிடம் நீட்டினாள். யார் வந்தாலும் கொடுப்பதுதான் என்று எனக்குத் தெரியும்.

"புத்தகம் ஆஸ்பத்திரியிலயே தொலைஞ்சு போச்சு," என்றாள்.

"அதுக்காக வரல. மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"நான் பொழைப்பனான்னு தெரியாத நாள் அது. என் பொண்ணு தினமும் அந்தக் கதவைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போனா."

யஸ்னா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள், கடைசிவரை இறங்கி வரவில்லை.

செப்டம்பர் 2
மற்ற மூன்று வீடுகளுக்கும் போய் வந்தேன். ஒரு வீட்டில் விளக்கு எரிந்தது, கதவு மட்டும் திறக்கவில்லை.

நவம்பர் 28
ஆண்டறிக்கைப் படிவம். 'ஊர் மக்களை நூலகத்தோடு எவ்வாறு இணைத்தீர்கள்?' ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுதினேன்: 'நாலு பிள்ளைகளை அவமானப்படுத்தினேன். நாலு வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டேன். மூன்று வீட்டில் உள்ளே விட்டார்கள்.'

தலைமையாசிரியர் இரண்டு தடவை படித்தார். "இதை எப்படிம்மா மேலிடத்துக்கு அனுப்புறது?"

"வேற ஒண்ணும் நடக்கல சார்."

படிவத்தை மேசை இழுப்பறையில் போட்டார். மார்ச்சில் புது வருஷத்துக்குப் பள்ளி திறந்ததும் பார்த்துவிட்டு அறையைப் பற்றி முடிவு செய்யலாம் என்றார்.

டிசம்பர் 24
தனியாகச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 23
வேலிக்கு அந்தப் பக்கம் ரோசல்பா. "நாளைக்குக் கிழங்கு தோண்டுறோம், ஆள் பத்தல. பூட்ஸ் இருக்கா உங்ககிட்ட?" இருக்கு என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினேன்.

பிப்ரவரி 24
இடுப்பு ஒடிந்துவிட்டது. முப்பது பேர் இருந்தார்கள், நூலகத்தைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. "டவுன்காரிக்குச் சாக்கு பிடிக்கக்கூடத் தெரியல பாரு," என்று நோல்ஃபா எல்லார் முன்னாலும் கேலி செய்தாள். எத்தனை மாதம் ஆகிறது என்னை யாராவது கேலி செய்து.

யஸ்னா எனக்கு அடுத்த வரிசை. தலை நிமிராமலே கேட்டாள், "அத்தை, மார்ச்சுல எத்தனை மணிக்குத் திறப்பீங்க?" பள்ளியில் வேலை பார்க்கும் பெண்கள் எல்லாருமே இங்கே பிள்ளைகளுக்கு அத்தைதான்.

"எட்டுக்கு. எப்பவும் போல."

"பஸ் எங்களை ஏழேகாலுக்கே இறக்கி விட்டுடும்."

அப்படியானால் இத்தனை வருஷமும் முக்கால் மணி நேரம் இவர்கள் எங்கே நின்றார்கள்? பஸ் நிற்கும் இடத்தில் ஒரு கூரைகூட இல்லையே.

மார்ச் 6
ஏழு மணிக்கே போய் நூலகத்தில் குளிர்காயும் அடுப்பை மூட்டினேன். நல்ல மழை. ஏழு பேர் வந்தார்கள். ஒருத்தரும் புத்தகத்தைத் தொடவில்லை, அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து காலுறைகளைக் காயவைத்தார்கள். அறை முழுக்க ஈரக் கம்பளி நாற்றம். யஸ்னா கடைசியாக வந்தாள். கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றாள். பிறகு பூட்ஸைக் கழற்றி, மற்றவர்களுடையதற்குப் பக்கத்தில் வைத்தாள்.

நாளைக்கு இன்னொரு கட்டு விறகு சொல்ல வேண்டும்.