நெடுந்தீவில் நான் சொன்ன பொய்

வட்டக்கச்சி
பங்குனி 14

அன்பு மகள் யதுர்ஷிகாவுக்கு,

நாங்கள் இஞ்சை சுகம், அப்பாவின்ரை முழங்கால் நோவும் குறைஞ்சிட்டுது, எங்கடை மாடு சிவப்பி கண்டு போட்டிட்டுது. நீயும் மருமோனும் பேரனும் உங்கை ஒரு குறையுமில்லாமல் இருக்கப் பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டு எழுதுறன். போனிலை சொல்ல வாய் வரேல்லை, அதுதான் கடதாசி. உன்ரை தம்பி சிவகரன் இதைப் படமெடுத்து அனுப்புவான், வாசிக்கக் கூடாதெண்டு சத்தியம் வாங்கியிருக்கிறன்.

பதினொரு வருஷத்துக்குப் பிறகு வாறாய், பத்தே பத்து நாள், அதிலை மூண்டு நாள் நெடுந்தீவிலை நிக்கப்போறம் எண்டு நீ சொன்ன நாளிலையிருந்து எனக்கு இருப்புக்கொள்ளேல்லை. பெத்த தாயைப் பாக்க வாறியோ, தீவிலை திரியிற குதிரை பாக்க வாறியோ? வயலிலை அரிவி வெட்டு முடிஞ்ச கையோடை தம்பியையும் இழுத்துக்கொண்டு போனனான். இடம் பாக்கவெண்டு அவனுக்குச் சொன்னது, உண்மையிலை குறை பிடிக்கத்தான் போனனான். குறிகட்டுவான் துறையிலை படகு ஏறினதும் வயித்தைப் பிரட்டிச்சுது, ஒரு குறை கிடைச்சுதெண்டு சந்தோசப்பட்டன். இறங்கினால் சோலி சுரட்டில்லாத ஊர். கல்லடுக்கின வேலி, ஒல்லாந்தரின்ரை இடிஞ்ச கோட்டை, வயித்துக்குள்ளை ஆள் போய் நிக்கக்கூடிய பெருக்கமரம். குதிரையள் தங்கடை பாட்டிலை மேயுதுகள், என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டுதுகள். கடற்கரையிலை ஒரு சனமில்லை, அவ்வளவு வடிவு. எனக்கு எரிச்சல் இன்னும் கூடிச்சுது, இவள் இஞ்சையே கிடந்திடுவாளெண்டு.

நீ அறை சொல்லிவைச்ச வீட்டுக்கும் போனம். வீட்டுக்காரி ரஜிதா தேத்தண்ணி தந்து, அக்காவையள் எப்ப வருகினம் எண்டு ஆசையாக் கேட்டாள். தம்பி வெளியிலை படமெடுத்துக்கொண்டு நிண்டான். நான் வாய் கூசாமல் சொல்லிப்போட்டன், மகள் இனி வரமாட்டாள், அறையை வேறை ஆருக்கும் குடு பிள்ளை எண்டு. அவள் உனக்கு ஏதோ நடந்திட்டுதெண்டு நினைச்சு, ஐயோ அம்மா எண்டு என்ரை கையைப் பிடிச்சாள். அப்பத்தான் நான் சொன்னது என்ரை காதிலை விழுந்துது. பெத்தவள் வாயாலை சொல்லுற சொல்லே அது?

வீட்டை வந்து நாலு நாள், சோறு இறங்கேல்லை. போன் அடிச்சால், நீ வரேல்லையெண்டு சொல்லப்போறியோ எண்டு நெஞ்சு பதறுது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சும் மனம் ஆறேல்லை. இண்டைக்குக் காலமை ரஜிதாவுக்குப் போன் எடுத்து, மகள் வாறாள், வாறாள், வாறாள் எண்டு மூண்டுதரம் சொன்னன், அந்தப் பிள்ளை பயந்திட்டுது. அறை உனக்குத்தான் இருக்கு. மூண்டு நாளென்ன, பத்து நாளும் தீவிலை நில்லு, நாங்கள் அங்கை வந்து பாக்கிறம். செய்தது பிழைதான். என்னைத் திட்டிப் பேசு, நல்லாப் பேசு, ஆனா வந்து நிண்டு பேசு.

ஆண்டவன் உங்கள் மூண்டு பேரையும் காக்கட்டும். பிளேன் ரிக்கற் போட்ட திகதியை மட்டும் மாத்திப்போடாதை ராசாத்தி.

இப்படிக்கு,
உன்ரை அம்மா
விமலேஸ்வரி