போனில் பார்த்ததும் காதுதான்

அக்கா,

போன வியாழக்கிழமை காலையில் முந்திரி உடைசலைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வைத்திருந்த போன் ஒரு தரம் முனகியது. எடுத்துப் பார்த்தால் நம்ம ‘லேடீஸ் பொட்டி’ குரூப்பில் உன் பேர். பக்கத்தில் ‘வெளியேறினார்’ என்று இருந்தது.

நீ போய் நாலு மாசம் ஆகிறது. உன் போனை உன் மகள் தனக்கென்று சுத்தம் செய்தாளாம், குரூப்பிலிருந்து எடுத்துவிட்டாளாம். அவள் மேல் தப்பு இல்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. நான்தான் இனிமேல் அட்மின் என்று. யார் என்னைக் கேட்டார்கள்? போனே அப்படி ஒருத்தியைப் பிடித்துப் போட்டுவிடுமாம்.

உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு வராத அழுகை அப்போது வந்தது. பாதி உனக்காக, மீதி பயத்தில். இருக்கிற நாற்பது பேரில் அந்த இடத்துக்கு ஆகாதவள் நான்தான் என்று நம் இரண்டு பேருக்கு மட்டும்தானே தெரியும்.

அந்தக் குரூப்பை நீ ஆரம்பித்தது திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில், காலை பாசஞ்சருக்குக் காத்திருந்தபோது. நீ சிதம்பரத்துக் கடைகளுக்குப் புடவை ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கப் போவாய், நான் முந்திரி போடப் போவேன். மீன் விற்கிறவர்கள், ஆஸ்பத்திரியில் கூட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரே பெட்டி. வண்டி எப்போது வரும் என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்ளத்தான் குரூப். “எழுதாதீங்கடி, பேசி அனுப்புங்க. நமக்குள்ள எழுதத் தெரிஞ்சவங்க கம்மி, பேசத் தெரியாதவ ஒருத்தியும் கெடையாது” என்றாய்.

முதல் மழைக்காலத்திலேயே ஒருத்தி, வண்டி அரை மணி லேட்டு என்று பேசி அனுப்பினாள். டீக்கடையில் யாரோ சொன்னதாம். வண்டி சரியான நேரத்துக்கு வந்து போயே போய்விட்டது. பாதிப் பேருக்கு அன்றைக்கு வேலை போச்சு. மறுநாள் பெட்டியில் ஊசியை மடியில் குத்தி வைத்துவிட்டு நீ சொன்னாய்: “இனிமே வாயத் தொறந்ததும் மொதல்ல கண்ணுன்னு சொல்லணும், இல்லன்னா காதுன்னு சொல்லணும். நீயே பாத்திருந்தா கண்ணு. இன்னொருத்தர் சொன்னதா இருந்தா காது. காதுன்னு சொல்றதுல மானக்கேடு ஒண்ணும் இல்ல.”

மீன்கார மலர் அன்றைக்கு மத்தியானமே அனுப்பினாளே, நினைவிருக்கிறதா? “காது. எங்க வூட்டுக்காரரு இனிமே குடிக்க மாட்டாராம்.” திரும்பி வருகிற வண்டி முழுக்கச் சிரிப்பு.

நாம் சிதம்பரத்தில் இறங்கினதும் சாப்பிடுகிற தள்ளுவண்டி இட்லிக்கடை செல்வியையும் நீதான் சேர்த்தாய். வண்டி பரங்கிப்பேட்டை தாண்டினால் ஒருத்தி “கண்ணு, தாண்டிட்டோம்” என்பாள். அந்தப் பொண்ணு அடுத்த ஈட்டை அடுப்பில் ஏற்றிவிடும். நாம் போய் நிற்கும்போது ஆவி பறக்கும்.

இனிமேல் நான் உன்னிடம் சொல்ல வேண்டியது.

எனக்குப் படிப்புக் கர்வம் உண்டு. ஐந்தாவதுதான். ஆனால் நம்ம பெட்டியில் அதுவே பெரிசு. யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள். நர்சிங் படிக்கிற என் பேத்தியும் அதே குரூப்பில் இருந்தாள். “எங்க ஆயா படிச்சவங்க” என்று அவள் நாலு பேருக்கு முன்னால் சொன்ன நாள் முதல் என் தலை கொஞ்சம் நிமிர்ந்தேதான் இருந்தது.

சொந்தக்காரர் ஒருத்தர் எனக்கு ஒரு படம் அனுப்பினார். சாம்பார் வாளியில் செத்த பல்லி. பின்னால் தள்ளுவண்டி, மேலே நீலத் தார்ப்பாய். அடியில் ‘சிதம்பரம் ஸ்டேஷன் ரோடு, சாப்பிடாதீர்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள்’ என்று எழுதியிருந்தது. செல்வி வண்டிக்கும் நீலத் தார்ப்பாய்தான். படத்தைக் குரூப்பில் போட்டு, கூடவே பேசினேன். “கண்ணு. இது செல்வி கடைதான். நானே பாத்தேன், நானே படிச்சேன்.”

ஒருத்தியும் சந்தேகப்படவில்லை. கண்ணு என்று சொல்லிவிட்டேனே. ஆஸ்பத்திரிக்கும் மார்க்கெட்டுக்கும் கடைகளுக்கும் நம்ம பொம்பளைகளே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் செல்வி பேசினாள். “கண்ணு. ரெண்டு நாளா மாவு புளிச்சி சாக்கடையில கொட்றேன். என் வாளிய வந்து பாக்க ஒருத்தருக்கும் காலு இல்லையா?” அவ்வளவுதான். குரூப்பை விட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்கே நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். படத்தை இரண்டு விரலால் பெரிசாக்கினாய். வண்டிக்குப் பின்னால் ஒரு கடையின் போர்டு.

“படி.”

முடியவில்லை. அது தமிழே இல்லை. எந்த ஊரோ, எந்த வண்டியோ.

“கண்ணுன்னு சொன்னியேடி.”

“படத்தக் கண்ணாலதான பாத்தேன் அக்கா.”

“போன்ல பாக்கறது கண்ணு இல்ல. அதுவும் காதுதான். எவனோ சொல்றான், நீ கேக்கற.”

நீயே உன் வாயால் சொல்லிவிடு என்றாய். நான் பேசினதை அழித்துவிட்டு, “அதான் அழிச்சிட்டேனே, போதாதா?” என்றேன். “நீ பேசுனத அழிச்சா கேட்டவங்க காதும் அழிஞ்சிடுமா?” என்று கேட்டாய். என் பேத்தி கேட்கிற இடத்தில் நான் எப்படிச் சொல்வேன் என்று நினைத்தேனே ஒழிய, அந்தப் பொண்ணு கொட்டுகிற மாவை நினைக்கவில்லை. கடைசியில் நீயே பேசினாய். “கண்ணு. அது செல்வி கடை இல்ல. தப்பு நம்ம குரூப்போடது, அட்மின் நானு, என்னைத் திட்டுங்க.” தெரியாமல் போட்டுவிட்டு, தெரிந்ததும் நானாகவே அழித்துவிட்டதாக மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் சொல்ல மறுத்தது உனக்கு மட்டும்தான் தெரியும். என் பேரை நீ எடுக்கவில்லை. அதற்கப்புறம் யாரும் அதிகம் பேசுவதில்லை. கண்ணு என்று சொன்னாலும் நம்பிக்கை வரவில்லை. அடுத்த மாசமே நீ படுத்துவிட்டாய். பார்க்க வந்தபோதெல்லாம் ஆரஞ்சுப் பழம்தான் கொண்டுவந்தேன். நீயும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை பொட்டலத்தை அப்படியே போட்டுவிட்டுப் பேசினேன். “கண்ணு. நான் செல்வி வாளியப் போயி பாக்கல, அது செல்வி வண்டியும் இல்ல, பின்னால இருந்த போர்டு தமிழே இல்ல. அக்கா என் தப்பத் தன் தலையில போட்டுக்கிட்டாங்க. பேசுனவ நானு. தெரிஞ்ச அப்புறமும் வாய மூடிக்கிட்டு இருந்தவளும் நானு.” மூன்று தரம் அழித்து, நாலாம் தரம் அனுப்பினேன்.

சாயங்காலம் பேத்தி வந்தாள். “ஆயா, அந்த போர்டு தமிழ் இல்லன்னு உனக்கு எப்ப தெரியும்?”

“அனுப்பி மூணாம் நாளு.”

பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

சனிக்கிழமை செல்வியிடமே போய்ச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள். “இத எங்கிட்ட சொல்லி என்னாங்க ஆவப்போவுது? அது எங்கெங்க போச்சோ அங்கெல்லாம் போயி சொல்லுங்க.”

அது எங்கெங்கே போயிற்று அக்கா? உனக்குத் தெரிந்தால் சொல்லு.

இன்றைக்குக் காலையில் ஒரு இடம் தெரிந்தது. எதிர் சீட்டில் முன்பின் தெரியாத இரண்டு பேர். ஒருத்தி சொல்கிறாள், “டேசன் ரோட்டுல இட்லி வாங்காத. சாம்பார்ல பல்லி கெடந்துச்சாம்.”

“நீங்க பாத்தீங்களாம்மா?” என்றேன்.

“படமே வந்துச்சி, போன்ல.”

“அந்தப் படத்தப் போட்டு, அந்தக் கடைதான்னு பேசுனவ நான்தான். அது வேற ஊரு. கடைக்காரிமேல ஒரு தப்பும் இல்ல.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “உங்களுக்கு அவுங்க சொந்தமா?” என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறங்கினதும் இரண்டு பேரும் செல்வி வண்டியைத் தாண்டித்தான் போனார்கள்.

நான் நின்றேன். தினமும் நிற்கிறேன். செல்வி என்னோடு பேசுவதில்லை, தட்டை மட்டும் வைக்கிறாள். மற்றவர்கள் சுவர் ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நான் ரோட்டைப் பார்த்து நின்றபடி, நாலு இட்லியையும் மெதுவாகச் சாப்பிடுகிறேன். ஸ்டேஷனிலிருந்து வருகிறவர்கள் கண்ணால் பார்க்கட்டும்.