பென்வுட் கல்லறையில் ஓர் இடம்

ஜூன் 7, 2011. செவ்வாய்

இங்கே குளிர்காலம். விடாத மழை. ஹீட்டர் மறுபடி மக்கர். கோட்டுப் போட்டபடி சமையல். குப்பைத் தொட்டி பாதிகூட நிரம்பவில்லை, தெருவில் வைக்கவில்லை.

காலையில் கல்லறைத் தோட்ட அலுவலகம். ஆலனின் அஸ்தியை அவருடைய கொள்ளுத்தாத்தா கல்லறையிலேயே வைக்கலாமா என்று கேட்டேன். இடம் இருக்கிறதாம். ஆனால் அந்த நிலம் இன்னும் கொள்ளுத்தாத்தா ஜோசையா பென்வுட் பெயரில். அவர் போய் நூறு வருடத்துக்கு மேல். உயிரோடிருக்கும் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். அவர்களைக் கண்டுபிடிப்பது என் பாடு.

நான் மனைவியாயிற்றே என்றேன். அந்தப் பெண் கணினியைப் பார்த்தபடியே, அது வேறு என்றாள்.

கேட்காமலே விட்டிருக்கலாம். ஆனால் ஆலன் ஆசைப்பட்ட ஒரே இடம் அது. ஞாயிறுகளில் சாண்ட்விச் கட்டிக்கொண்டு அங்கே போவோம். கொள்ளுத்தாத்தாவின் பளிங்குத் தூணில் சாய்ந்துகொண்டு சாப்பிடுவார்.

ஜூன் 11, சனி

நூலகம். பழைய செய்தித்தாள்களின் மைக்ரோஃபிலிம் படச்சுருள். கண் எரிச்சல். சொட்டு மருந்து வாங்க வேண்டும்.

ஜோசையா இந்த நாட்டுக்குக் கப்பலில் வெறுங்கையோடு வந்தவர். கம்பளி வியாபாரம். நகரத்துக்குள் ஃபிளிண்டர்ஸ் லேன் தெருவில் கிடங்கு. ஹாதர்ன் பகுதியில் கோபுரம் வைத்த மாளிகை. மகள் பிறந்தநாளுக்கு வாணவேடிக்கை. இப்போது அங்கே அடுக்குமாடி, கீழே கார் நிறுத்தம். போய்ப் பார்த்தேன்.

பிள்ளைகள் எட்டு. மூன்று, குழந்தையிலேயே காய்ச்சலில். ஒருவன் பிரான்ஸில், போரில். மூன்று பெண்கள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. மிஞ்சியது ஆலனின் தாத்தா வழி மட்டும். அதிலும் இன்று உயிரோடு இரண்டே பேர். பல்லரட் என்ற ஊரில் ஆலனின் சித்தப்பா மகன் பிரையன். இங்கேயே, கியூ என்ற பகுதியில், அத்தை டாரதி, ஆலனின் அப்பாவுக்குத் தங்கை, தொண்ணூறு வயது.

அத்தை எங்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. அவர்கள் பக்கம் யாருமே வரவில்லை. என் பக்கமும்தான்.

எட்டுப் பிள்ளை பெற்ற வீட்டுக்கே இந்தக் கதி. எங்களுக்கு ஒன்றுகூட இல்லை.

ஜூன் 23, வியாழன்

பிரையன் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பிவிட்டார். கூட ஒரு வரி: ஆலன் நல்லவன், பள்ளி நாளுக்குப் பிறகு பார்க்கவில்லை.

திருச்சியிலிருந்து அண்ணன் போன். ஆலன் போன பிறகு இது மூன்றாவது தடவை. அதற்கு முன் பல வருடம் பேச்சே இல்லை.

"அஸ்தியை எடுத்துக்கிட்டு வந்துடு, வசந்தா. காவேரியில கரைச்சிடலாம். நீயும் இங்கயே இருந்துடு. அங்க யாரு இருக்கா உனக்கு?"

அன்பாகத்தான் சொன்னார். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 3, ஞாயிறு

பக்கத்து வீட்டு யோகம் அக்கா புட்டு கொண்டுவந்தார். யாழ்ப்பாணக்காரர். எப்போதும் அவசரம், உட்காரமாட்டார். இன்று உட்கார்ந்தார். கல்லறை விஷயம் சொன்னேன்.

"அப்ப நீங்களும் பிறகு அங்கதானோ?"

"அதை இன்னும் யாருகிட்டயும் கேக்கல அக்கா."

"கேளுங்கோ. இப்பவே கேக்க வேணும்."

பேரனைக் கூட்டிவர வேண்டுமாம், போட்டு வாறன் என்று கிளம்பினார். பிறகு வெகுநேரம் அந்தக் கேள்வியோடு இருந்தேன். புட்டு ஆறிப்போயிற்று.

ஜூலை 16, சனி

டாரதி அத்தை வீடு. வெயில், ஆனால் காற்று ஊசி மாதிரி. போகும் வழியில் கேக் வாங்கினேன்.

கதவைத் திறந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்து, ஆலனின் இந்தியப் பெண் நீதானா என்றார். எனக்கு வயது ஐம்பத்தெட்டு.

ஆலனுக்கு உடனே கையெழுத்துப் போட்டார். அவன் பென்வுட் ஆயிற்றே, கேட்கவே வேண்டியதில்லை என்றார். அப்போதுதான், பிறகு எனக்கும் அங்கே இடம் கிடைக்குமா என்று கேட்டேன். அத்தை கேக்கைச் சின்னச் சின்னதாக வெட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், உனக்கு உன் ஊருக்குப் போகத் தோன்றாதா, அது எங்கள் குடும்பத்து இடம் அல்லவா என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். டிராமில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஜூலை 29, வெள்ளி

அத்தை போன் செய்தார். என்னைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆலன் கடைசியில் எப்படி இருந்தான் என்று கேட்டார். அவருக்கு யாருமே சொல்லவில்லையாம்.

சொன்னேன். மருத்துவமனை. சாப்பாடு இறங்காதது. ரசம் மட்டும் கேட்டது, நான் ஃபிளாஸ்கில் கொண்டுபோனது. ராத்திரி யார் கூட இருந்தது என்றார். நான்தான் என்றேன். எல்லா ராத்திரியுமா? ஆமாம்.

பிறகு, அஸ்தி வைக்கும் நாளில் தன்னையும் கூட்டிப்போக முடியுமா என்றார்.

ஆகஸ்ட் 20, சனி

மழை இல்லை. கல்லறைத் தோட்டம். நான், சக்கர நாற்காலியில் அத்தை, கல் செதுக்குபவர், குழி தோண்டிய ஆள். பிரையனுக்கு முதுகு வலி, வரவில்லை.

பெட்டியை நானே இறக்கினேன். நினைத்ததைவிடக் கனம். மந்திரம் ஒன்றும் நினைவு வரவில்லை. போயிட்டு வரேன் என்று தமிழில் சொன்னேன். ஆலனுக்கு அது புரியும்.

கல் செதுக்குபவர் புதுக் கற்பலகையை அளந்துகொண்டு என்னைப் பார்த்தார். ஆலன் பெயரை நடுவில் வைத்தால் அழகாக இருக்கும், ஆனால் பிறகு வேறு பெயர் சேர்க்க முடியாது. மேலே வைக்கட்டுமா, நடுவிலா என்றார்.

மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மேலே போடுங்கள்," என்றார் அத்தை. "கீழே இடம் விடுங்கள்."

பிறகு குளிர்கிறது, போகலாம் என்றார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். சரளைப் பாதை, சக்கரம் சிக்கிச் சிக்கி வந்தது. கார் அருகில் வந்ததும், உன் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று கேட்டார். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.