அதிகாரியின் நான்கு குளம்புகள்

ஜூன் 4

தங்கைக்கு,

நலம். அதாவது, இடது கால் தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டில் இருக்கிறது; மற்றதெல்லாம் நலம். உங்கள் கட்டடத்தின் லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. லிஃப்ட் பழுது பார்ப்பதுதான் தன் வேலை என்று இங்கே யாரிடமும் சொல்ல வேண்டாமென்று உன் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டார். என்னை நாற்காலியோடு மூன்று மாடி தூக்கி வந்த இருவரும் அதைப் பற்றித்தான் வழியெல்லாம் பேசினார்கள்.

வைக்கோல் போரிலிருந்து விழுந்தவள் நான். பல் மருத்துவமனை வரவேற்பு வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு என் கழுதைக் காப்பகத்துக்கு ஓடியவள் நீ. நன்றி. அங்கே போன் எடுக்காது. தீவன வண்டிக்காரர் வரும்போதெல்லாம் கடிதத்தைக் கொடுத்தனுப்பு.

பதின்மூன்று கழுதைகளைப் பற்றி உனக்குக் கவலை வேண்டாம். சாப்பிடும், கத்தும், தூங்கும். கடைசித் தொழுவத்தில் இருப்பவர்தான் விஷயம். செங்கல் சூளையிலிருந்து மீட்டு வந்தவர். அவருக்கு அதிகாரி என்று பெயர் வைத்திருக்கிறேன். நாம் உள்ளே போனால் முதுகைக் காட்டுவார். எதைக் கொண்டுபோனாலும் "வைத்துவிட்டுப் போ" என்பது போலச் சுவரைப் பார்ப்பார். உண்மையில் அது பயம். உடம்பெல்லாம் நடுங்கும்.

அவருடைய குளம்புகள் வெட்டப்படாமல் வளர்ந்து முன்புறம் சுருண்டிருக்கின்றன. ஜூலை ஐந்துக்குள் வெட்டாவிட்டால் எலும்பு கோணிவிடும், அப்புறம் நடையே இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மயக்க ஊசியும் போட முடியாது. தூசியில் நுரையீரல் பாதி போய்விட்டது. விழித்திருக்கும்போதே தானாகக் காலைக் கொடுத்தால்தான் உண்டு.

எழுபத்தொரு நாள் அவர் தொழுவத்தில் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்கு முழம் வரை வந்தார். கதவில் பதினோரு குறிப்புகள் ஒட்டியிருக்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அதில் இருக்கிறது. நீ போய்ப் புதிதாக எதுவும் சாதிக்க வேண்டாம். அவர் என்னை மறக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அக்கா


ஜூன் 9

என் அருமை அக்காவுக்கு,

ஒரு நல்ல செய்தி. உட்கார்ந்துகொள். ஐயோ, உட்கார்ந்துதான் இருப்பாய்.

நேற்று அவன் என் பக்கத்தில் வந்து சால்வை நுனியில் உதட்டை வைத்தான்! நாலே நாள்! உன் மூன்றாம் குறிப்பில் "பேசாதே" என்று இருக்கிறது. என்னால் பேசாமல் இருக்க முடியுமா? பல் பிடுங்க வருகிறவர்களிடம் பேசுகிற மாதிரியே பேசினேன். "ஒண்ணும் பண்ண மாட்டாங்க கண்ணு, சும்மா பாப்பாங்க, அவ்வளவுதான்." காது இரண்டும் என் பக்கம் திரும்பிவிட்டன. அதிகாரி என்று கூப்பிட வாய் வரவில்லை. கண்ணு என்றுதான் கூப்பிடுகிறேன்.

வண்டிக்காரர் பார்த்துவிட்டு, "அந்தம்மா ரெண்டு மாசமா தவம் கெடந்தாங்க, நீங்க வந்து வரம் வாங்கிட்டீங்களே!" என்றார். நான் சிரித்துவிட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

என் வீட்டுக்காரர் வேளைக்குச் சாப்பாடு தருகிறாரா? எனக்குத் தந்ததில்லை, அதனால் கேட்கிறேன்.

உன் செல்லத் தங்கை


ஜூன் 12

செல்லத் தங்கைக்கு,

மிகவும் மகிழ்ச்சி. இந்த இடத்தில் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்; இதுதான் கொஞ்சம் நம்பும்படி வந்தது.

சால்வையில் உதட்டை வைத்ததாக எழுதியிருக்கிறாய். எந்த நுனி? எவ்வளவு நேரம்? பதிவேட்டில் குறித்துக்கொள்ளத்தான் கேட்கிறேன். சில கழுதைகள் உப்புக்காகத் துணியை நக்கும். அதை அன்பு என்று எண்ணி ஏமாந்தவர்கள் உண்டு.

வண்டிக்காரரின் ஆய்வுரையையும் படித்தேன். நிலத்தை உழுதவள் ஒருத்தி, கதிர் அறுத்தவள் ஒருத்தி. விளைச்சலைப் பற்றி வழிப்போக்கர் பேசுவது உலக வழக்கம். 'கண்ணு' என்ற பெயர் நன்றாகவே இருக்கிறது. பக்கத்து வீட்டு நாய்க்கும் சின்ன வயதில் அதே பெயரைத்தான் வைத்தாய். அதற்குச் சோறு வைத்தவள் நான், அது காத்திருந்தது உனக்காக.

மாப்பிள்ளை என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். காலை ஆறரைக்குக் கட்டிலுக்கே டீ வந்துவிடும், இஞ்சி தட்டிப் போட்டு. மாலையில் சதுரங்கம் ஆடுகிறோம். நேற்று, "உங்ககூட பேசுனா நேரம் போறதே தெரியல அக்கா" என்றார். உன் பேச்சு அவ்வளவாக வருவதில்லை.

அக்கா


ஜூன் 16

அக்கா,

அவருக்கு டீ போடத் தெரியுமா? பதினான்கு வருஷமாக அடுப்புத் திருகு எந்தப் பக்கம் திரும்பும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிற மனிதர். இஞ்சி வேறு தட்டுகிறாரா? என்னோடு சதுரங்கப் பலகையை எடுத்தால் தலைவலி வந்துவிடும் அவருக்கு. சரி. நீ நோயாளி. பேசாமல் இருக்கிறேன்.

வேலை விஷயம். கண்ணு முன்னங்கால் இரண்டையும் என் கையில் கொடுக்கிறான். பத்து எண்ணும்வரை பிடித்திருக்கலாம். லாடக்காரரிடம் சொல்லிவிட்டேன், இருபதாம் தேதி வருகிறார். நல்ல மனிதர், குரல் உயர்த்துவதில்லை. "முட்டி தேஞ்சு போச்சும்மா, சாக்க விரிச்சுதான் உக்காருவேன், பரவால்லையா?" என்று கேட்டார். அதிலென்ன, கொண்டு வாங்க என்றேன்.

ஆனால் அக்கா, உள்ளுக்குள் பயமாக இருக்கிறது. அவனை உன்னைவிட யாருக்குத் தெரியும்? அன்றைக்கு நான் கவனிக்க வேண்டியது வேறு ஏதாவது இருந்தால் உடனே எழுது. ஒரு வரி போதும்.

தங்கை


ஜூன் 18

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. நீ பயப்பட ஒன்றுமில்லை. யாராக இருந்தாலும் கடைசியில் உன்னிடம்தானே வருகிறார்கள். இவரும் வருவார்.

அக்கா


ஜூன் 21

அக்கா,

இதை இடது கையால் எழுதுகிறேன். வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது.

லாடக்காரர் சொன்னபடி வந்தார். இடது முன்னங்காலை நின்றபடியே வெட்டினார். கண்ணு அசையவில்லை, என் தோளில் தாடையை வைத்துக்கொண்டிருந்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அடுத்தத உக்காந்து பாத்துடலாம்மா" என்று பைக்குள்ளிருந்து சாக்கை எடுத்து ஒரு உதறு உதறினார்.

அவன் போட்ட சத்தம் கத்தல் மாதிரியே இல்லை. என்னைத் தள்ளிக்கொண்டு மரக்கதவின் மேலே பாய்ந்தான். கதவு உடைந்தது, மார்பு கிழிந்தது. லாடக்காரர் தண்ணீர்த் தொட்டியில் போய் விழுந்தார். இப்போது மூலையில் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறான். நேற்றிலிருந்து தின்னவில்லை. நான் பேசினால் இன்னும் நடுங்குகிறான்.

வண்டிக்காரர், "விடுங்கம்மா, கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசன" என்றார். வாயை மூடிக்கொண்டு மூட்டையை இறக்குங்கள் என்று சொன்னேன். இறக்கினார். அந்த மூட்டையைப் பார்த்தும் நடுங்கினான்.

பதினோரு குறிப்பையும் மறுபடி படித்தேன். நான் எங்கே தப்புச் செய்தேன் என்று தெரியவில்லை. நீ சொன்னால்தான் தெரியும்.

தங்கை


ஜூன் 23

தங்கைக்கு,

தப்பு உன்னுடையது அல்ல.

இந்த உறைக்குள் இன்னொரு தாள் இருக்கிறது. பதினெட்டாம் தேதி எழுதியது. அதில் இப்படி இருக்கும்: "சாக்கு வேண்டாம். சூளையில் பாரம் ஏற்றும்போது அவர் தலையில் சாக்கைக் கவிழ்த்துத்தான் அடித்திருக்கிறார்கள். சாக்கு விரிவதைக் கண்டால் தாங்க மாட்டார். தீவனத்தைக்கூட வெளியிலேயே வாளியில் கொட்டித்தான் நான் எடுத்துப் போவேன்." முப்பதாவது நாளில் கண்டுபிடித்தேன். கதவில் ஒட்டும்போது அதை விட்டுவிட்டேன். அவரைப் பற்றி எனக்கு மட்டும் தெரிந்தது ஒன்றாவது இருக்கட்டும் என்று தோன்றியது. தீவனக் கொட்டகை தள்ளி இருக்கிறது, ஆபத்தில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு உன் கடிதம் வந்தது, சாக்கு என்ற சொல்லோடு. இந்தத் தாளை எழுதி உறையில் போட்டேன். உன் கடிதத்தை மறுபடி எடுத்து, "முன்னங்கால் இரண்டையும் என் கையில் கொடுக்கிறான்" என்ற வரியைப் படித்தேன். தாளை வெளியே எடுத்துவிட்டு, நீ படித்த அந்த நாலு வரியைப் போட்டு ஒட்டினேன். மாப்பிள்ளை பார்த்துவிட்டு, "அக்கா, ஒரு தாள் வெளியவே கெடக்கே?" என்றார். "அது வேண்டாம்" என்றேன்.

என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மார்பு கிழியும் என்று தெரியாது, அவ்வளவுதான். அவர் உன்னைவிட்டு ஓட வேண்டும் என்று நினைத்தேன். ஒரே ஒரு முறை.

அம்மாவைப் பதினோரு வருஷம் நான் பார்த்தேன். கடைசி மாதம் உன் கையால் கொடுத்தால்தான் சாப்பிட்டாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எழுத நினைத்தேன். எழுத வரவில்லை.

சாக்குகளை எல்லாம் உன் அறைக்குள் வைத்துப் பூட்டு. முதல் நாள் போல வாசலில் உட்கார். பேசாதே. கொஞ்ச நாளைக்கு மட்டும்.

அக்கா


ஜூன் 30

அக்கா,

உன் கடிதம் இருபத்தைந்தாம் தேதியே வந்தது. பதில் எழுதப் பிடிக்கவில்லை. அதனால் எழுதவில்லை.

அந்தப் பழைய தாளைப் பலமுறை படித்தேன். எனக்கு நீ எழுதியதிலேயே அதுதான் நல்ல கடிதம். அதைத்தான் நீ அனுப்பவில்லை.

அம்மா என் கையால் சாப்பிட்டது எனக்குப் பெருமை என்றா நினைத்தாய்? வாரத்துக்கு ஒருநாள் வருகிறவள் நான். விருந்தாளி முன்னால் அம்மா ஒழுங்காகச் சாப்பிட்டாள். உன்னிடம்தான் அழுதாள், உன்னைத்தான் திட்டினாள், உன் முன்னால்தான் தட்டைத் தள்ளினாள். என்னை ஒருநாள்கூடத் திட்டவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எப்படி வயிறெரிந்து பஸ் ஏறினேன் என்று உனக்குத் தெரியாது. கேட்டால் சொல்லியிருப்பேன்.

சாக்குகள் என் கட்டிலுக்கடியில் இருக்கின்றன. வாசலில் உட்கார்ந்தேன், பேசவில்லை. மறுநாளே தின்றான். லாடக்காரர் இருபத்தெட்டாம் தேதி திரும்ப வந்தார். வர மாட்டார் என்று நினைத்தேன். அந்த முட்டியோடு வெறும் சரளைக்கல்லில் மண்டியிட்டார். வலது முன்னங்கால் ஆயிற்று, ஒரு பின்னங்காலும் ஆயிற்று. வலது பின்னங்காலைத் தொட விடவில்லை. உடைந்த கதவு அந்தப் பக்கம்தான் இடித்தது. நான் காலைப் பிடித்தால், தலைப் பக்கம் அவனுக்குத் தெரிந்த ஆள் இன்னொருவர் வேண்டும். இங்கே அப்படி யாரும் இல்லை.

இரண்டாம் தேதி உன் கட்டுப் பிரிக்கிறார்களாம். என் வீட்டுக்காரர் எழுதியிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அவர் எழுதிய முதல் கடிதம். இரண்டு பக்கம். அதில் ஒன்றரைப் பக்கம் உன் காலைப் பற்றி.

லாடக்காரர் நாலாம் தேதி வருகிறார். நீ முந்தின நாளே தீவன வண்டியில் வந்துவிடு. ஊன்றுகோலைத் துணியால் சுற்றிக்கொண்டு வா, சத்தம் வேண்டாம். தலைப் பக்கம் நாற்காலி போட்டு வைக்கிறேன். வந்ததும் என்னிடம் மன்னிப்பு என்று ஆரம்பிக்காதே. எனக்குப் பேசத் தோன்றும்போது நான் பேசுவேன். அது நாலாம் தேதிக்குள் இருக்காது.

உன்னைப் பார்த்ததும் அவன் என்ன செய்வானோ, தெரியாது. உன் பக்கம் வரலாம். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளலாம். எது நடந்தாலும் நம் இருவரில் ஒருத்திக்கு வயிறு எரியும். எரிந்துவிட்டுப் போகட்டும். அந்த ஒரு காலை வெட்டி முடிக்க வேண்டும்.

தங்கை