எங்கள் முதுகுக்கு ஒரு பூட்டு

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தினம் இரண்டு நிமிடமாவது சாமி கும்பிட்டு நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் பாதியில் "மீட்டிங் இருக்கு அத்தை" என்று ஓடிவிடுகிறாய். கடிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாது பார்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் தையல் கம்பெனிக்கு வந்து, நாற்பது பெண்கள் முதுகிலும் ஒயரை ஒட்டி அளந்துகொண்டு போனாயே, அந்த ஆராய்ச்சி பெரிய பத்திரிகையில் வந்துவிட்டது என்று நீ சொன்ன அன்றைக்கே மேனேஜரிடம் போய் நின்றேன். ஸ்டூலை எடுத்துவிட்டு, சாய்ந்து உட்கார நாற்காலி போடுங்கள், ஆதாரம் வந்துவிட்டது என்றேன். நல்ல மனுஷன். "முழுசா கொண்டு வாங்கம்மா, அடுத்த மாசம் முதலாளி வர்றப்ப முன்னால வெச்சிடறேன்" என்றார்.

கம்ப்யூட்டர் கடையில் பார்த்தால் முதல் பக்கம்தான் வருகிறது. கீழே பூட்டுப் படம். மிச்சத்துக்குப் பணம் கட்ட வேண்டுமாம். கூட வந்த பக்கத்து மெஷின்காரி, "நம்ம முதுகைப் பார்க்க நமக்கே டிக்கெட்டாக்கா?" என்றாள். நாற்காலி எப்படி இருக்க வேண்டும் என்பது உள்ளே இருக்கிறது என்று சொல்லிவிட்டு அந்த முதல் பக்கமும் நின்றுவிடுகிறது.

நான் விடுவேனா. கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். கடைக்காரம்மா முதுகு, வேலை, வலி என்று என்னென்னவோ தட்டினாள். பூட்டே இல்லாமல் ஒன்று திறந்தது. பதினெட்டுப் பக்கம் மளமளவென்று அச்சாகி விழுந்தது. எல்லாம் இங்கிலீஷ், படமெல்லாம் முதுகெலும்பு. உன்னுடையதுதான் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு போய் மேனேஜர் மேஜையில் வைத்தேன். மூன்று பக்கம் பொறுமையாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, இது வண்டி மாட்டைப் பத்தினது" என்றார். அதோடு விடாமல், "மாட்டுக்கே நுகத்தடியில மெத்தை வைக்கணும்னு போட்டிருக்காங்க" என்று வேறு சொன்னார். அன்றிலிருந்து மெஷின்காரிகள் என்னைப் பார்த்தால் "ம்மா" என்கிறார்கள்.

கோபித்துக்கொள்ளாதே கண்ணு. மாட்டைப் பற்றி எழுதின மகராசன் எல்லோரும் படிக்கத் திறந்து வைத்திருக்கிறான். எங்களைப் பற்றி எழுதின நீ பூட்டி வைத்திருக்கிறாய். பெரிய பத்திரிகையில் வந்தால்தான் வேலை நிரந்தரமாகும் என்றாய், அதுவும் எனக்குப் புரிகிறது. அதனால்தான் இங்கே பக்கத்துக் கல்லூரி நூலகத்து அம்மாவிடம் கேட்டேன். "அச்சுக்குப் போறதுக்கு முன்னால அவங்க எழுதி முடிச்ச பிரதியை இப்பவும் அவங்க பல்கலைக்கழகத் தளத்துல எல்லாருக்கும் போடலாம், நிறைய பத்திரிகை விடும். விதியை மட்டும் பார்த்துக்கச் சொல்லுங்க" என்றார். உன் வேலைக்கும் கெடுதல் வராது. முதலாளி வருவதற்குள் போட்டுவிடு.

எனக்காகக் கேட்கவில்லை. மற்ற முப்பத்தொன்பது பேருக்காகக் கேட்கிறேன். எனக்கு ஒன்றும் இல்லை. இதை ஜன்னல் பலகையில் வைத்து நின்றுகொண்டுதான் எழுதுகிறேன், காற்று நன்றாக வருகிறது. சாப்பாடும் இப்போது நின்றபடிதான். பழகிவிட்டது.

ஆண்டவன் உனக்கு எல்லாக் கதவையும் திறக்கட்டும். இந்த ஒன்றை மட்டும் நீ திறந்துவிடு தங்கம்.

இப்படிக்கு,
உன் ஆராய்ச்சியில் எத்தனாவது முதுகு என்று இன்னும் தெரியாத
உன் அத்தை