கூமாப்பட்டி பஸ்ஸில் ஏறிய பூனை

இராஜபாளையம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அனுக்ரஹாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், கிளாஸ்கோ குளிரில் உன் இருமலும் இதற்குள் விட்டிருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நானும் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் நடக்கப் போகிறேன் என்று கிளம்பி டீக்கடையில் உட்கார்ந்துவிடுகிறார். மில்லில் எங்கள் பரிசோதனைக் கூடத்துக்குப் புது மிஷின் வந்திருக்கிறது, நூலை மாட்டிவிட்டால் அதுவே அளந்து அதுவே எழுதிக்கொள்கிறது, எனக்கு நம்பிக்கை வரவில்லை, பழைய தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். காஞ்சனா அத்தையின் அறுபதாவது பிறந்தநாளுக்கு நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீ எழுதியதைப் படித்தேன். வாசிப்பது எவ்வளவு சுகமான காரியம் என்று உனக்குக் காட்டியது அத்தையின் குரல்தான் என்றும், சின்ன வயதில் கேட்ட கதையில் அந்தக் கப்பல் பூனை கூமாப்பட்டி பஸ்ஸில் ஏறி டிக்கெட் கேட்ட இடம் இன்னும் காதில் இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய், கீழே அத்தை வீட்டு டேப் ரெக்கார்டரின் படம் வேறு. ஏழு தடவை படித்தேன். நானும் எல்லாரையும் போலக் கட்டைவிரல் படம் ஒன்று போட்டேன். உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு, எங்க அக்கா கொரல்னா சும்மாவா, ரேடியோவுல சேர்ந்திருக்க வேண்டியவ என்றார். அன்று ரசத்துக்கு உப்புப் போடவில்லை, மறந்து அல்ல.

உனக்கு நாலு வயதிலிருந்து ஆறு வயது வரை, மில் வேலைக்காக, வாரம் முழுக்க உன்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் அத்தை வீட்டில் விட்டிருந்தோம். எனக்கென்று மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம். கல்லூரியில் படித்த காலத்திலிருந்து அந்த நேரத்தில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு எதற்கும் உதவாத ஒரு கதையை வாசிப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே ஆடம்பரம். அந்த இரண்டு வருஷமும் அதை விட்டுவிட்டு, லைப்ரரியிலிருந்து உனக்கான புத்தகங்களை எடுத்துவந்து, டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்து வாசித்துப் பதிந்து, திங்கட்கிழமை அப்பாவிடம் கேசட்டைக் கொடுத்து அனுப்பினேன். அத்தை செய்தது பொத்தானை அமுக்கியது மட்டும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைக்கவும் இல்லை. அந்தக் கப்பல் பூனைப் புத்தகத்தில் நம் பக்கத்துக் கூமாப்பட்டியும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது, அதனால் உனக்கு எல்லாமே தப்பாக நினைவிருக்கிறது என்று முடிவுகட்டினேன். நீ வீடு திரும்பியபோது உன்னோடு வந்த அந்தக் கதையின் கேசட், மறுபடி போட்டுக் கேட்காமலே என் பீரோவில் இருந்தது, நம் வீட்டு டேப் ரெக்கார்டரைத்தான் உன் அப்பா எப்போதோ எடைக்குப் போட்டுவிட்டார். போன ஞாயிறு கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். அத்தையை நிற்கவைத்து என் குரலைக் கேட்கவைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நல்ல எண்ணம் எதுவும் இல்லை.

அத்தை டேப் ரெக்கார்டருக்குப் பூப்போட்ட உறை தைத்து வைத்திருக்கிறார். பிளே பொத்தான் எப்போதோ உடைந்து போய், ஸ்பூன் காம்பால் குத்தித்தான் ஓட்ட வேண்டும். முதலில் உஸ்ஸென்று ஒரு சத்தம், அதில் நம் பழைய வீட்டு மின்விசிறியின் டக் டக்கென்ற ஓசை. அதைக் கேட்டதும் எனக்கு உட்காரத் தோன்றியது. பிறகு என் குரல், பரிசோதனை முடிவைப் படிக்கிற மாதிரி, பக்கம் பதினேழு என்று எண்ணெல்லாம் சொல்லி. அத்தையைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கம் இருபத்தெட்டு முடிந்ததும் டப்பென்று ஒரு சத்தம், அதன் பிறகு அத்தை குரல். பூனை பஸ் ஸ்டாண்டில் நிற்கிறது, ஏலே கண்டக்டரு, கூமாப்பட்டிக்கு அரை டிக்கெட் கொடு என்கிறது, கண்டக்டர் வாலுக்குத் தனி டிக்கெட் கேட்கிறார். பின்னால் நீ சிரிக்கிறாய், அனு. மூச்சு முட்டச் சிரிக்கிறாய்.

அத்தை சொன்னார், அன்னைக்குப் பதியுற செவப்புப் பொத்தானை மாத்தி அமுக்கிட்டேன் சித்ரா, ரெண்டு பக்கம் அழிஞ்சு போச்சு, புள்ள அழுத அழுகை தெருவே கேட்டுச்சு, பொஸ்தகத்தை நீங்க லைப்ரரிக்குத் திருப்பிட்டிய, நான் எங்க போவேன், அழிஞ்ச எடத்துல நானே பேசி, பூனையைக் கூமாப்பட்டி பஸ்ல ஏத்திவிட்டேன். எனக்கு வயிறு எரிந்தது. நான் இரண்டு வருஷம் வாசித்ததில் உன் சிரிப்பு ஒரு இடத்திலும் இல்லை, இருக்கவும் முடியாது, நீ பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தாய். அதை அவரிடமே சொல்லிவிட்டேன், எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அத்தை ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, ஏட்டி, குளிக்க வச்சு, சோறூட்டி, அம்புட்டும் செஞ்சது நானு, தூங்குறப்போ புள்ள உன் கொரல் கேக்குற இந்தப் பெட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்கும், ஒரு நாள் செத்த நேரம் ஒளிச்சு வச்சுக்கூடப் பாத்தேன், எனக்கு எம்புட்டு எரிஞ்சிருக்கும் என்றார். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. நல்லவளாக இருந்தால் வருத்தப்பட்டிருப்பேன்.

கிளம்பும்போது டேப் ரெக்கார்டரைக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டேன். அது இங்கேயே கெடக்கட்டும் என்றார். அப்படியானால் கேசட் மட்டும் இங்கே இருக்கட்டுமா என்று அவர் கேட்டார், நான் பையின் ஜிப்பை இழுத்துவிட்டேன். ஆகவே டேப் ரெக்கார்டர் அங்கே, கேசட் இங்கே. நீ டிசம்பரில் வரும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனால்தான் கேட்க முடியும்.

கம்பளி சாக்ஸ் இல்லாமல் வெளியே போகாதே, இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. ஞாயிற்றுக்கிழமையாவது வேலையைத் தள்ளிவைத்துவிட்டு ஏதாவது கதை வாசி. ஆண்டாள் உனக்கு நல்ல உடம்பையும் நல்ல தூக்கத்தையும் தரட்டும். குழுவில் நீ எழுதியதை அழிக்க வேண்டாம், பூனையை பஸ் ஏற்றியது அத்தைதான். ஆனால் பக்கம் பதினேழிலிருந்து இருபத்தெட்டு வரை வேறு ஒரு ஆள் வாசித்தார் என்று கீழே ஒரு வரி சேர்க்கலாம். நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம்.

உன் அம்மா,
ஜெயசித்ரா